பஞ்சரை நீங்களே சமாளிப்பது: படுவான்கரைப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு

மட்டக்களப்பு பட்டணத்துக்குள் மோட்டார் சைக்கிள் ரயரில் காற்றுப் போனால் அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. எந்தப் பக்கம் உருட்டினாலும் ஒரு ஒட்டுக்கடை வந்துவிடும். வலையிறவுப் பாலத்தைத் தாண்டி, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சை என்று உள்ளே போனால் அப்படி இல்லை. சந்திகளில் சைக்கிள் கடை இருக்கிறது, உண்மைதான். ஆனால் விடியக்காலை ஐந்து மணிக்கு எந்தக் கடையும் திறந்திராது. சந்திக்கும் சந்திக்கும் இடையில் வயலும் பற்றைக்காடும் குளக்கட்டும்தான்.

நான் பால் எடுக்கிறவன். மாட்டுப் பட்டி பட்டியாகப் போய்க் கேனை நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறும் முன் குளிரூட்டும் நிலையத்தில் இறக்கிவிட வேண்டும். கறந்த பால் வெயிலில் நின்றால் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். புளித்த பாலை நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் ஒட்டுவேலையை ஏறாவூரில் ஒரு ரயர் கடை நானாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துப் பழகிக்கொண்டேன். அவர் காட்டியதும், பிறகு கிறவல் வீதி காட்டியதும்தான் இங்கே எழுதியிருப்பது.

என்னுடையது பஜாஜ் சிடி 100. ரியூப் போட்ட ரயர், முன்னுக்கு 2.75-17, பின்னுக்கு 3.00-17. ஸ்பிளெண்டர், பிளாட்டினா, பழைய டிஸ்கவர் எல்லாம் வேலை முறையில் கிட்டத்தட்ட இதேதான். ரியூப் இல்லாத ரயர் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தில் ரயரைக் குத்துவது பெரும்பாலும் முள். மாட்டுப் பட்டியை முள் கொப்பு வெட்டி அடைப்பார்கள், வேலியில் மாடு நுழையும் கடப்பையும் முள்ளால் மூடுவார்கள். அந்தக் கொப்பு காய்ந்து, உடைந்து, மாட்டின் காலோடு இழுபட்டு வண்டிப்பாதை முழுக்கக் கிடக்கும். ஆணி குத்துவது வீடு கட்டுகிற இடங்களிலும் பட்டணத்திலும்தான் கூடுதல். இந்த வித்தியாசம் வேலைக்கு முக்கியம். ஆணி குத்தினால் பொதுவாகக் காற்று சீக்கிரம் இறங்கும், ஆணியும் வெளியே தெரியும். முள் குத்தினால் மெதுவாக இறங்கும், முனை முறிந்து ரயருக்குள்ளேயே நிற்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாரியில் இன்னும் மோசம். ஈர ரப்பரை எதுவும் இலகுவாக வெட்டிவிடும், தண்ணீருக்குள் கிடப்பதும் கண்ணுக்குத் தெரியாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றுப் போனால்

பின் சில்லு என்றால் வண்டியின் பின்பக்கம் இடுப்பு ஆட்டுவது போலிருக்கும். முன் சில்லு என்றால் ஹாண்டில் கனத்து, ஒரு பக்கம் இழுக்கும். எதுவானாலும் திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள். அக்சிலேற்றரை விட்டுவிடுங்கள், ஹாண்டிலை இறுக்கி நேராகப் பிடியுங்கள், வேகம் தானாக இறங்கட்டும். பிரேக் கட்டாயம் வேண்டுமென்றால் காற்று இருக்கிற சில்லின் பிரேக்கை மெல்லப் பிடிக்க வேண்டும். பின் சில்லில் காற்றுப் போனால் முன் பிரேக், முன் சில்லில் போனால் கால் பிரேக். கேன் கட்டியிருந்தாலோ பிள்ளை பின்னால் இருந்தாலோ இது இன்னும் முக்கியம். 40 லீற்றர் பால் என்றால் அதுவே 41 கிலோ வரும். அந்தப் பாரம் ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் உங்கள் கையால் நிறுத்த முடியாது.

நின்ற பிறகு வரும் முதல் ஆசை, “இன்னும் கொஞ்சத் தூரம்தானே, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்” என்பது. போகாதீர்கள். காற்றில்லாத ரயர் ரிம்மில் நழுவிச் சுற்றும். ரயரோடு ரியூப்பும் சுற்றப் பார்க்கும், ஆனால் வால்வு ரிம்மின் துளையில் மாட்டியிருப்பதால் அது வேரோடு கிழியும். வால்வடி கிழிந்த ரியூப்பை வீதியோரத்தில் ஒட்ட முடியாது. ஒரு சின்ன முள் துளையோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் புது ரியூப், சில வேளை ரயர், ரிம் என்று போய்விடும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் பாரத்தை இறக்கிவிட்டு, வண்டியில் ஏறாமல், முதலாம் கியரில் கிளச்சைப் பாதி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வாருங்கள். தள்ளுவதை விட இது இலகு, ரயருக்கும் அவ்வளவு கேடில்லை.

எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கரடியனாறு, புல்லுமலை, வெல்லாவெளிப் பக்கத்து உள்வீதிகளில் பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்னும் யானை நடமாட்டம் இருக்கும். அந்த நேரத்தில் சில்லைக் கழற்றிப் போட்டுவிட்டு ரியூப்போடு குந்தியிருப்பது மடைத்தனம். வண்டியை உருட்டிக்கொண்டு கிட்ட இருக்கிற வீட்டுக்கோ வாடிக்கோ போய்விடுங்கள். உருட்ட முடியாவிட்டால் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், யானைக்கு சிடி 100 தேவையில்லை. ஒரு லேண்ட்மாஸ்டரோ பட்டா லொறியோ வந்தால் வெட்கப்படாமல் கையைக் காட்டுங்கள். வண்டியைத் தூக்கிப் பெட்டியில் வைக்க இரண்டு பேர் போதும்.

முதலில் வால்வைப் பாருங்கள்

ஏறாவூர் நானா எந்த வண்டி வந்தாலும் ரயரைத் தொடமாட்டார். “முதல்ல வால்வப் பாருங்க தம்பி, மறுகா கழட்டலாம்” என்பார். வால்வு மூடியைக் கழற்றி வாயில் ஒரு சொட்டு எச்சில் வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கிற ஊசி தளர்ந்திருக்கிறது அல்லது மண் பிடித்திருக்கிறது. சில உலோக மூடிகளின் நுனியில் ஒரு வெட்டு இருக்கும், அதைத் தலைகீழாகப் போட்டுத் திருகினால் ஊசி இறுகும். அதோடு வேலை முடிந்தது. ஒரு ரூபாயும் செலவில்லை.

அப்படியே வால்வு நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். ரிம்மிலிருந்து சாய்ந்து நிற்கும் வால்வு, ரயர் ரிம்மில் நகர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். காற்றுக் குறைவாக, பாரம் ஏற்றி ஓடினால் இப்படி வரும். இன்றைக்குக் காற்றுப் போகாவிட்டாலும் சீக்கிரம் வால்வடி கிழியும்.

வால்வில் குறையில்லை என்றால் சில்லை மெல்லச் சுற்றி ரயர் முழுவதையும் பாருங்கள். ஆணியோ முள்ளோ தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். அந்த இடத்தில் சோக்கட்டியாலோ ஒரு கீறலாலோ அடையாளம் வைத்துவிட்டுப் பிடுங்குங்கள். காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது, கடை ஒன்றிரண்டு கிலோமீற்றரில் இருக்கிறது என்றால் பிடுங்காமலே காற்றடித்துக்கொண்டு, ஆட்களை இறக்கிவிட்டு மெதுவாகப் போய்ச் சேரலாம். அதற்கு மேல் தூரம் என்றால் உள்ளே நிற்கும் ஆணி ரியூப்பைப் பல இடத்தில் குத்திவிடும்.

சீற்றுக்கு அடியில் என்ன இருக்க வேண்டும்

என் வண்டியில் சீற்றுக்குக் கீழும் பக்கப் பெட்டியிலுமாக இருப்பவை: கரண்டி மூக்கு வைத்த ரயர் லீவர் மூன்று, அச்சு நட்டுக்குப் பொருந்தும் சாவிகள், ஒரு குறடு, ஒட்டுத்துண்டுகள், சொலூஷன் (ஒட்டுப் பசை), சாண்ட்பேப்பர், சின்ன பம், பழைய ரியூப்பில் வெட்டிய நீளப் பட்டிகள், கொஞ்சம் நைலோன் கயிறு, ஒரு ரியூப். பின் சில்லுக்கான ரியூப்பை வைத்திருந்தால் அவசரத்துக்கு முன்னுக்கும் போடலாம், அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. சொலூஷனை மட்டும் அடிக்கடி பாருங்கள். ஒருமுறை திறந்த குழாய் எங்கள் வெக்கைக்குச் சில மாதத்தில் காய்ந்துபோகும். திறக்காத புதுக் குழாய் ஒன்று எப்போதும் இருக்கட்டும். பம் வாங்கும்போது மோட்டார் சைக்கிள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்க்ரூ டிரைவரை லீவராகப் பாவிக்காதீர்கள். ஒரு துளையோடு வந்த ரியூப் மூன்று துளையோடு வெளியே வரும்.

சில்லைக் கழற்றாமல் ஒட்டுவது

துளை எங்கே என்று தெரிந்தால் சில்லைக் கழற்றவே தேவையில்லை. பின் சில்லுக்கு இது பெரிய மிச்சம். வண்டியை டபுள் ஸ்டாண்டில் போடுங்கள். எழுவான்கரை (வாவிக்குக் கிழக்குப் பக்கம்) மணலிலும் மழை பெய்த கிறவலிலும் ஸ்டாண்ட் புதைந்து வண்டி சாயும், அதனால் கீழே ஒரு பலகையோ தட்டைக் கல்லோ வையுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் காலில் கிடக்கிற செருப்பு இரண்டையும் வைக்கலாம்.

வால்வு ஊசியைக் கழற்றி மிச்சக் காற்றையும் வெளியே விடுங்கள். ரிம்மோடு ஒட்டியிருக்கும் ரயர் விளிம்பைக் குதிக்காலால் மிதித்துச் சுற்றிவரப் பிரியுங்கள். இனித்தான் சூட்சுமம். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. நீங்கள் லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்து ரயர் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் விழுந்திருந்தால் இந்தப் பக்கம் தாராளமாகத் தளரும். விழாவிட்டால் எவ்வளவு பலம் போட்டாலும் வராது, லீவர்தான் வளையும். ஒரு லீவரைப் போட்டு நெம்பி ஒரு கம்பியில் மாட்டிவிட்டு, மூன்று நான்கு விரல் தள்ளி அடுத்ததைப் போடுங்கள். அகலமாகப் பிடித்து ஒரே இழுவையில் எடுக்கப் பார்க்காதீர்கள். லீவரின் முனை ஆழமாக உள்ளே போகக் கூடாது, ரியூப்பைக் கடிக்கும்.

ஒரு பக்க விளிம்பு வெளியே வந்ததும் அடையாளம் வைத்த இடத்தில் கையை விட்டு ரியூப்பை வெளியே இழுத்தெடுங்கள். துளை எங்கே என்று தெரியாவிட்டால் வால்வையும் தள்ளி முழு ரியூப்பையும் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ரியூப்பின் எந்தப் பக்கம் செயின் பக்கமாக இருந்தது என்று ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் இது எதற்கு என்று விளங்கும்.

ரியூப்பில் கொஞ்சம் காற்றடித்து, வழமையான அளவை விட ஊதச் செய்து, காதுக்கும் உதட்டுக்கும் கிட்டப் பிடித்துச் சுற்றிவாருங்கள். மெல்லிய கசிவை உதடு கண்டுபிடிக்கும். வயல் வாய்க்கால் பக்கத்தில் இருந்தால் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். ஒரு துளையைக் கண்டதும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பார்த்து முடியுங்கள்.

எது குத்தியது என்று தெரியாமல் மூட வேண்டாம்

இந்த வேலையில் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒட்டி, போட்டு, காற்றடித்து, அரைக் கிலோமீற்றர் போனதும் அதே இடத்தில் மறுபடி இறங்கும். ஒட்டியது பிழையில்லை. முறிந்த முள் ரயருக்குள்ளேயே நிற்கிறது.

வால்விலிருந்து துளை எவ்வளவு தூரம் என்று ரியூப்பில் பாருங்கள். அதே தூரத்தை ரயரில் அளந்தால் குத்திய இடம் வரும். எந்தத் திசையில் என்று தெரிய முதலில் போட்ட அடையாளம் உதவும். அந்த இடத்தை உள்ளேயிருந்து தடவுங்கள், ஆனால் வெறும் விரலை வேகமாக ஓடவிட வேண்டாம். ஒரு பழந்துணியைச் சுருட்டித் தடவினால் முள்ளில் நூல் சிக்கும். வெளியேயிருந்து ரயரைப் பெருவிரல்களால் பிளந்து பார்த்தால் கறுப்புக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். உள்ளேயிருந்து வெளியே தள்ளிவிட்டுக் குறட்டால் பிடித்து இழுங்கள். காய்ந்த முள் வெளிப்பக்கத்தில் பிடித்தால் திரும்ப முறியும்.

துளை இருக்கிற இடமே காரணத்தைச் சொல்லிவிடும். ரியூப்பின் வெளிவளைவில், வீதியில் உருளும் பக்கமாகத் துளை என்றால் முள், ஆணி, கண்ணாடி. உள்வளைவில், ரிம் பக்கமாக என்றால் ரயரில் தேடிப் பிரயோசனமில்லை. கம்பிச் சில்லில் கம்பித் தலைகளை மூடும் ரப்பர் பட்டி விலகியோ அறுந்தோ இருக்கும், கம்பியின் நுனி குத்தியிருக்கும். பழைய ரியூப்பில் வெட்டிய பட்டியைச் சுற்றிவிட்டால் கடை வரை தாங்கும். பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு சின்ன வெட்டுகள் இருந்தால் குத்தியது எதுவும் இல்லை. காற்றுக் குறைந்த ரயர் குழியில் இறங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசுங்கியிருக்கிறது. இதற்கு மருந்து காற்று மட்டும்தான். 100 சிசி வண்டிகளுக்குப் பொதுவாக முன்னுக்கு 25, தனியே ஓடினால் பின்னுக்கு 28, பாரம் என்றால் 32 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கூடவரும் புத்தகத்திலும், பல வண்டிகளில் செயின் மூடியில் ஒட்டியும் இருக்கும். கடைப் பெடியன் “கல்லுமாதிரி அடிச்சிருக்கன் அண்ணன்” என்று சொல்வதை நம்பாமல் பேனா அளவில் வரும் அழுத்தமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும் வேலை

துளையைச் சுற்றி ஒட்டுத்துண்டை விடப் பெரிதாக ஒரு வட்டம் கீறிக்கொண்டு, அதற்குள் சாண்ட்பேப்பரால் தேயுங்கள். பளபளப்பு முழுக்கப் போய், கறுப்பு மங்கி வர வேண்டும். வார்த்த கோடு ரியூப்பின் நடுவே ஓடும், அது துளைக்குக் கிட்ட இருந்தால் அதையும் தேய்த்து மட்டமாக்குங்கள். இல்லாவிட்டால் அதன் ஓரத்தால் காற்று ஊர்ந்து வெளியேறும். தூசியைத் துடையுங்கள். துணி நுனியில் இரண்டு சொட்டுப் பெற்றோல் தொட்டுத் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் போகும், அது முழுக்கக் காயும் வரை கை வைக்காதீர்கள். பக்கத்தில் யாராவது பீடி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தால் அப்பால் போகச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் பஞ்சர் என்றால் நாலு பேர் கட்டாயம் கூடுவார்கள்.

சொலூஷனை மெல்லியதாக, துண்டு ஒட்டும் இடத்தை விட அகலமாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பது தவறு. பூசிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இதுதான் எல்லாருக்கும் கஷ்டமான பகுதி. ஈரமாக இருக்கும்போதே துண்டைப் போட்டால் அது வழுக்கி நிற்குமே தவிரப் பிடிக்காது. வெயில் நேரத்தில் ஐந்து நிமிடம் அளவில் போதும், மாரியில் இன்னும் கொஞ்சம் எடுக்கும். ஓரத்தில் விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஈரமாக வரக் கூடாது. ஊதி ஊதிக் காயவைக்க வேண்டாம், வாய் ஈரம் அதில் படியும்.

காய்ந்ததும் துண்டின் ஒட்டும் பக்கத்துத் தாளை உரித்து, அந்தப் பக்கத்தில் கை படாமல், நடுவில் முதலில் வைத்து ஓரத்தை நோக்கி அமுக்குங்கள். ஒரு தட்டையான கல்லின் மேல் வைத்து லீவரின் பிடியால் அழுத்தித் தேயுங்கள். மேல்பக்கத்து மெல்லிய பிளாஸ்ரிக் தாள் கஷ்டப்பட்டு வந்தால் விட்டுவிடுங்கள், உரிக்கப் போய்த் துண்டின் ஓரம் தூக்கிவிடும். மிச்சமாகப் பூசப்பட்ட சொலூஷனில் முகத்துக்குப் போடும் பவுடரோ சோக்குத் தூளோ கொஞ்சம் தூவினால் ரியூப் ரயரோடு ஒட்டிக்கொள்ளாது.

வால்வடியில் கிழிந்தாலோ, ஒரு அங்குலத்துக்கு மேல் பிளந்தாலோ, ஒட்டுக்கு மேல் ஒட்டாக ஏற்கெனவே பல துண்டு இருந்தாலோ நேரத்தை வீணாக்காமல் வைத்திருக்கும் ரியூப்பைப் போடுங்கள்.

திரும்பப் போடுவது

ரியூப்பில் அதன் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று விடுங்கள். வெறுமையாகப் போட்டால் மடிந்து லீவரில் மாட்டும், நிறைய அடித்தால் உள்ளே போகாது. வால்வைத் துளையில் விட்டு நட்டை இரண்டு சுற்று மட்டும் போடுங்கள். ரயர் விளிம்பை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரண்டு பக்கமாகவும் கையாலும் முழங்காலாலும் தள்ளிக்கொண்டு வந்து, வால்வுக்குக் கிட்ட முடிக்க வேண்டும். வால்வில் தொடங்கினால் அங்கே ரியூப்பின் தடிப்பு இருப்பதால் விளிம்பு பள்ளத்தில் விழாது, கடைசிச் சாண் நீளம் உங்களை அழ வைக்கும். சரியாகப் போட்டால் கடைசித் துண்டுக்கு மட்டும்தான் லீவர் தேவைப்படும்.

முடிந்ததும் வால்வை உள்ளே ஒருமுறை தள்ளி விடுங்கள், அதன் அடியில் ரியூப் விளிம்போடு நசுங்கியிருந்தால் விடுபடும். பாதிக் காற்றடித்துச் சில்லைச் சுற்றிப் பாருங்கள். ரயரின் பக்கத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும், அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் புதைந்திருந்தால் காற்றை இறக்கி, அமுக்கிவிட்டுத் திரும்ப அடியுங்கள்.

பின் சில்லையே கழற்ற வேண்டி வந்தால், கழற்றும்போது வரும் ஒவ்வொன்றையும் வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்குங்கள். பிரேக் கம்பியின் நட், அச்சு நட், அச்சை உருவும்போது விழும் வளையம், எந்தப் பக்கம் எது என்று அங்கேயே தெரிய வேண்டும். பல வண்டிகளில் செயின் பல்லுச்சில்லு தன் இடத்திலேயே நிற்க, சில்லு மட்டும் பக்கமாகக் கழன்று வரும், அதனால் செயினில் கை வைக்கத் தேவையில்லை. போடும்போது ஒன்றை மட்டும் இரண்டு முறை பார்க்கச் சொல்வேன். பிரேக் தட்டை வண்டிக் கவையோடு (பின் சில்லை இரண்டு பக்கமும் தாங்கும் இரும்புக் கை) பிடித்திருக்கும் இரும்புப் பட்டை. அதன் நட்டையும் கொட்டர் பின்னையும் போடாமல் ஓடினால், முதல் பிரேக்கிலேயே தட்டு சுழன்று சில்லு இறுகிவிடும். விழுந்தால் சும்மா விழமாட்டீர்கள். செயின் நடுவில் கீழிருந்து தூக்கினால் 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆடட்டும், இரண்டு பக்கக் கவையிலும் உள்ள கோடுகள் ஒரே இடத்தில் நிற்கட்டும். ஏறுவதற்கு முன் பிரேக்கை நாலைந்து தரம் மிதித்துப் பாருங்கள்.

ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால்

இனிச் சொல்வதெல்லாம் கடைக்கோ வீட்டுக்கோ போய்ச் சேர்வதற்கு மட்டும். ஆட்களும் பாரமும் இல்லாமல், ஆள் ஓடும் வேகத்துக்கு மேல் போகாமல். அதுவும் பின் சில்லுக்கு மட்டும்தான். முன் சில்லில் இந்த வித்தை எதையும் செய்யமாட்டேன். முன் ரயர் ரிம்மை விட்டு விலகினால் ஹாண்டிலைப் பிடித்து வைக்க எந்தக் கைக்கும் பலம் போதாது.

துளை பெரிது, துண்டு இல்லை என்றால், துளை இருக்கும் இடத்தை மடித்து, பழைய ரியூப் பட்டியால் இறுக்கிச் சுற்றிக் கட்டலாம். மடிப்புக்குள் துளை அடைபட வேண்டும். ரியூப்பின் நீளம் குறைவதால் ரிம்மில் இழுத்துத்தான் போட வேண்டும். காற்றைக் குறைவாக அடியுங்கள். சுற்றுக்கொரு முறை வண்டி துள்ளும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரியூப்பே இல்லையென்ற அளவுக்குக் கிழிந்திருந்தால் வைக்கோல். வயல் வெட்டிய காலத்தில் எங்கே பார்த்தாலும் கிடக்கும். ரியூப்பை எடுத்துவிட்டு வைக்கோலைக் கயிறு போல முறுக்கி, இனி இடமில்லை என்னும் வரை ரயருக்குள் திணித்து மூட வேண்டும். கொஞ்சத் தூரத்தில் அது நொறுங்கி இளகும், நின்று இன்னும் திணிக்க வேண்டி வரலாம். ரயர் ரிம்மை விட்டு விலகாமல் நாலைந்து இடத்தில் ரயரையும் ரிம்மையும் சேர்த்து நைலோன் கயிற்றால் கட்டலாம். ஆனால் கட்டிய பிறகு சில்லைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். முடிச்சு கவையிலோ செயினிலோ பிரேக் கம்பியிலோ தட்டினால் அவிழ்த்துவிட வேண்டும்.

ரயரே வெட்டுப்பட்டு உள்ளேயிருந்து ரியூப் எட்டிப் பார்த்தால், வெட்டுக்கு உட்பக்கத்தில் ஏதாவது தடுப்பு வைக்க வேண்டும். பழைய ரயரின் பக்கத்தில் வெட்டிய துண்டு மிக நல்லது. இல்லாவிட்டால் பால்மாப் பக்கெற்றை நாலாக மடித்து வையுங்கள், அதன் தாள் இலகுவில் கிழியாது. பால்மாவால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

சுப்பர் குளூவை ரியூப்பில் ஊற்றாதீர்கள். அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்து, ரியூப் ஊதும்போது வெடித்துவிடும். பிறகு அந்த இடத்தில் நல்ல ஒட்டும் பிடிக்காது. வயர் சுற்றும் ரேப்பும் அப்படித்தான், காற்றைத் தாங்காது.

ரியூப் இல்லாத ரயர்

இப்போது வரும் ஸ்கூட்டர்களிலும் புது மோட்டார் சைக்கிள்களிலும் இதுதான் கூடுதல். உங்களுக்கு வேலை குறைவு. ஆணி குத்தினாலும் பல நேரம் காற்று மெதுவாகவே இறங்கும், ஆணியை அப்படியே விட்டுக் காற்றடித்துக்கொண்டு கடைக்குப் போகலாம். கையில் ஒட்டுப்பெட்டி இருந்தால் ஆணியைப் பிடுங்கி, அரம் போன்ற ஊசியை அதே சாய்வில் விட்டுத் துளையைத் துப்புரவாக்கி, ரப்பர் திரியைக் கண் ஊசியில் கோத்து, சொலூஷன் பூசி, நுனிகள் வெளியே கொஞ்சம் நிற்கும் அளவுக்கு உள்ளே தள்ளி, ஊசியை ஒரே இழுவையில் வெளியே எடுங்கள். மிச்சத்தை வெட்டிவிட்டு எச்சில் வைத்துப் பாருங்கள். வீதியில் உருளும் பகுதிக்கு மட்டும்தான் இது. ரயரின் பக்கச் சுவரில் துளை என்றால் திரி போட்டு ஓடக் கூடாது.

வால்வு வழியாக ஊற்றும் அடைப்புத் திரவம் இந்த ரயர்களில் சின்னத் துளைக்கு நன்றாக வேலை செய்யும். ரியூப் வண்டிக்கு நான் வாங்கச் சொல்லமாட்டேன். துளையில் ரியூப் இழுபட்டு விரிவதால் பாதி நேரம் அடைபடாது, பிறகு ஒட்டப் போனால் அந்தப் பிசினைக் கழுவி எடுப்பதற்குள் கடைக்காரரின் வாயில் நல்ல வார்த்தை வராது.

ஒட்டிய பிறகு

புறப்பட்டுக் கொஞ்சத் தூரத்தில் ஒருமுறை நிறுத்தி ரயரைப் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். அன்றைக்கு 40 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்ட வேண்டாம், கேன் இருந்தால் அதையும் குறையுங்கள். வீட்டில் அழுத்தமானி வைத்து அளந்து, மறுநாள் விடிய வண்டி எடுக்கும் முன் திரும்ப அளந்து பாருங்கள். ஒரு இரவில் இரண்டு மூன்று பிஎஸ்ஐக்கு மேல் இறங்கியிருந்தால் எங்கேயோ கசிகிறது. முதலில் வால்வில் எச்சில், அப்புறம் ஒட்டு. வீதியோரத்தில் போட்ட ஒட்டை அந்த வாரத்துக்குள் கடையில் கொடுத்துச் சூட்டில் ஒட்டச் சொல்லுங்கள், பாரம் ஏற்றுகிற வண்டிக்கு அதுதான் நிற்கும். கொடுக்கும்போது முள்ளா, ஆணியா, கம்பியா என்று கடைக்காரருக்குச் சொல்லுங்கள், அவர் அந்த இடத்தை உள்ளே தடவிப் பார்ப்பார். வைத்திருந்த ரியூப்பைப் போட்டு வந்திருந்தால், ஒட்டிய பழையதைப் பவுடர் தூவி, சாவிகள் உரசாமல் துணிப்பையில் சுற்றி, சீற்றுக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டுத்தான் மறுபடி உன்னிச்சைப் பக்கம் போங்கள்.